நெய்மீன் வயிற்றில் கிடந்த சாளை

வினிதா போன் செய்தாள். கடல்மீன் ஆய்வு அலுவலகத்தில் நான் இருந்த நாற்காலியில் இப்போது அவள் இருக்கிறாள். அலுவலகத்தில் ஒரு மலர் போடுகிறார்களாம், ஓய்வுபெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தரவேண்டுமாம். “சார், சுவாரசியமா எழுதுங்க. நீங்க பேசினா நாங்க சிரிச்சுக்கிட்டேதான இருப்போம்” என்றாள். சரிம்மா என்றேன். வைக்கப்போகும் நேரத்தில் இன்னொன்று கேட்டாள். பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பதிவேட்டில் நெய்மீன் பக்கங்களில் சாளை என்று எழுதிய இடத்திலெல்லாம் சிவப்பு மையில் கோடு கிழித்திருக்கிறது, பக்கத்தில் இரண்டு பேருடைய சுருக்கொப்பம். “காரணம் மட்டும் எழுதல சார். ஏன் அடிச்சீங்க?”

காரணத்தைச் சொன்னேன். அரை நிமிடத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது, நன்றி சொல்லி வைத்துவிட்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் சுவாரசியமான கட்டுரை வரவில்லை, இதுதான் வருகிறது. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

முப்பது வருசத்துக்கு மேல் நான் செய்த வேலை மீனின் வயிற்றைக் கீறி, அது என்ன தின்றது என்று எழுதுவது. ஊர் இரணியல். தினமும் பஸ் பிடித்துக் கடப்புறம் போவேன், மீன்பிடிக்காரர்களின் கரைக்கு. அங்கே என் பெயர் ஒருவருக்கும் தெரியாது, ‘வயிறு கீறுத சார்’ என்றால்தான் தெரியும். வீட்டிலும் மரியாதை அவ்வளவுதான். “மீன் வாடை சோப்புக்குப் போவும், ஒங்க மருந்து வாடை கல்யாண வீட்டுக்கும் கூடவே வருது” என்பாள் என் மனைவி. பார்மலின் மருந்தில் கையை நனைத்துச் சம்பாதித்த சாப்பாடு. பயிற்சி என்று ஆறு மாதம் கொடுத்தார்கள், அதில் பாதி நாள் பாட்டில் கழுவினேன்.

வேலையை ஒழுங்காகக் கற்றுத் தந்தது சுலோசனா மேடம். எங்கள் அலுவலகத்தின் விஞ்ஞானி, எனக்கு மேலதிகாரி. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தப்பாக எழுதிய தாளைத் திருப்பித் தருவார், தப்பான வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி இருக்கும். என்ன தப்பு என்று சொல்லமாட்டார். நாமே கண்டுபிடிக்கவேண்டும். அந்தப் புள்ளிக்கு நான் பயந்த மாதிரி என் அப்பாவின் பிரம்புக்குக்கூட பயந்ததில்லை.

மீன் கரைக்கு வந்ததும் நீளம், எடை, எந்த வலையில் அல்லது தூண்டிலில் பட்டது, எல்லாம் முதலில் எழுதவேண்டும். பிறகு மீனின் கழிவுத் துவாரத்தில் கத்தரியை வைத்துத் தொண்டை வரைக்கும் கீறவேண்டும், குடலைக் குத்திவிடாமல். இரைப்பையை இரண்டு பக்கமும் நூலால் கட்டி வெட்டி எடுத்துப் பாட்டிலில் போடவேண்டும். நூல் கட்டாவிட்டால் உள்ளே இருப்பது வழிந்துவிடும். மறுநாள் கண்ணாடித் தட்டில் திறப்போம். நிறைவு, முக்கால், அரை, கால், காலி என்று ஐந்து வகை. காலியாக இருந்தாலும் எழுதியே ஆகவேண்டும். “பசியும் ஒரு விவரம்தான்” என்பார் மேடம்.

உள்ளே முழு மீனாகக் கிடந்தால் பாக்கியம். பெரும்பாலும் கூழாகத்தான் இருக்கும். அந்தக் கூழைத் துழாவினால் காதுக்கல் கிடைக்கும். மீனின் தலைக்குள் அரிசிக் குருணை அளவில் இருக்கிற வெள்ளைக் கல் அது, ஒவ்வொரு மீனுக்கும் வடிவம் வேறு. கணவாய் செரித்துப்போனாலும் அதன் அலகு செரிக்காது. சில மீனின் வயிற்றுக்குள் இருக்கிற மீனையும் கீறச் சொல்வார் மேடம். நெய்மீனுக்குள் வாளை, வாளைக்குள் நெத்திலி, நெத்திலிக்குள் பூதக்கண்ணாடியில் மட்டும் தெரிகிற பூச்சி. ஒரே தட்டில் நான்கு தலைமுறைச் சாப்பாட்டையும் பார்த்திருக்கிறேன்.

மேடத்தின் அறைச் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. அடியில் கடல் தண்ணீரில் மிதக்கும் பச்சைப்பாசி. மழைக்காலத்தில் ஆழத்துக் குளிர்ந்த தண்ணீர் மேலே வரும்போது சத்தும் கூடவே வரும், பாசி பெருகும். அந்தப் பாசியை நேரடியாகத் தின்பது சாளை, சில ஊரில் மத்தி என்பார்கள். சாளையைத் தின்ன வஞ்சிரம் என்கிற நெய்மீன், சூரை, பாரை, கணவாய், கடற்பறவை, எல்லாவற்றுக்கும் மேலே நாம். ஒரு சாளைக்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு அம்புக்குறி. பள்ளிக்கூடப் புத்தகத்தில் சங்கிலி போல ஒரே வரிசையில் வரைந்திருப்பார்கள். அது குழந்தைகளுக்கு. கடலில் சங்கிலி கிடையாது, நூறு இடத்தில் முடிச்சுப் போட்ட வலைதான். ஒரு கிலோ நெய்மீன் வளர ஏறக்குறைய பத்துக் கிலோ சின்ன மீன் போகும், அந்தப் பத்துக் கிலோவுக்கு நூறு கிலோ பாசி. மேலே போகப்போகக் கூட்டம் சுருங்கும். நடுவில் இருக்கிற சாளையை எடுத்துவிட்டால் மேலே இருக்கிறது பட்டினி கிடக்கும், கீழே இருக்கிறது தின்ன ஆளில்லாமல் அழுகும்.

தாளைத் திருப்பித் தரும்போது மேடம் மூன்று கேள்வி கேட்பார். என்ன பார்த்தீங்க? அது அதுதான்னு எப்படித் தெரியும்? யார்கிட்டயாவது சொன்னீங்களா? மூன்றாவது கேள்வி கடப்புறத்துக்காக. அங்கே ஒரு வார்த்தை விழுந்தால் சாயங்காலத்துக்குள் அதை நம்பி நாலு வள்ளம் கடலில் இறங்கிவிடும். உறுதியாகும்வரை வெளியே பேசக்கூடாது, பேசிவிட்டால் யாரிடம் பேசினோம் என்று மறைக்கக்கூடாது. இதுதான் அவர் சட்டம்.

சாளை வராமல் போன காலம் ஒன்று வந்தது. முதல் வருசம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வருசம் சாளை வலைகளைக் கரையில் மடித்து வைத்துவிட்டார்கள். வாளையின் வயிற்றைத் திறந்தால் அதற்குள் வாளைக்குஞ்சு கிடந்தது. தீனி இல்லாமல் சொந்தக் குஞ்சைத் தின்றிருந்தது. வலையில் கிளாத்தியும் சொறிமீனும் குப்பை மாதிரி ஏறின. நெய்மீன் வயிறு மட்டும் எனக்கு நல்ல செய்தி சொன்னது. திறக்கும் வயிற்றிலெல்லாம் சாளை, முழுசு முழுசாக. மேடத்திடம் காட்டினேன். “ஆச்சரியமா இருக்கே” என்றார். புள்ளி வைக்கவில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை. கரையில் யாருக்கும் கிடைக்காத மீன் எங்கே இருக்கிறது என்று நான் கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா.

சூசையண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், சொந்தமாக ஒரு வள்ளமும் சாளை வலையும் வைத்திருந்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடப்புறத்தில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தபோது, மீனைக் கையில் தந்து “கீறிப் பாரும் சாரே” என்று உட்காரவைத்தவர் அவர்தான். அவருக்கு ஒரே மகன், ஆன்றோ. நல்ல உயரம், ஓயாத வாய். அன்றைக்கு மத்தியானம் வள்ளத்தின் நிழலில் இரண்டு பேரும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

“சாரே, ஒரு காரியம் கேக்கேன். உள்ளதச் சொல்லணும்” என்றார் சூசையண்ணன்.

“கேளும் அண்ணே.”

“பயலுக்கு கல்ஃபுக்கு விசா வந்திருக்கு. அங்கயும் மீன்பிடிதான். அவன் போயிட்டா இந்த வலைய வலிக்க எனக்கு ஆள் இல்ல, வள்ளத்த குடுத்துப்போடணும். சாளை இனி இல்லேன்னா அவன் போட்டும். உண்டும்னா இங்கயே நிக்கட்டும். கடல்ல சாளை உண்டா, இல்லியா?”

ஆன்றோ சிரித்தான். “சாருக்க கிட்ட ஜோசியமா கேக்கிய அப்பா?”

“நீ சும்ம இருல. சார் வயித்தக் கீறிப் பாத்துட்டாக்கும் சொல்லுதாரு.”

உறுதியாகும்வரை பேசக்கூடாது என்கிற சட்டம் ஞாபகம் இருந்தது. ஆனால் அவர் கேட்ட விதத்தில் எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. “உண்டு அண்ணே. கரையில இல்லேன்னாலும் ஆழத்துல உண்டு. நெய்மீன் வயித்துல முழுசா கெடக்கு. இல்லாத மீன அது எப்படித் திங்கும்?” என்றேன்.

சூசையண்ணன் மகனைப் பார்த்தார். “கேட்டியால?” என்றார். ஆன்றோ தோளைக் குலுக்கினான். விசா மாதக் கடைசி வரைக்கும் ஏஜெண்டிடம் இருக்கும், வேண்டாம் என்றால் வேறு ஆளுக்குப் போகும் என்று பேச்சுவாக்கில் சொன்னான். அதுவும் என் காதில் விழுந்தது.

நான்கு நாள் கழித்து ஒரு நெய்மீன் வயிற்றைத் திறந்தேன். உள்ளே செரிமானம் தொடங்காத சாளை ஒன்று. நீளம் எடுக்கக் கையில் எடுத்தேன். கண் குழிந்து, ஒரு பக்கம் அமுங்கித் தட்டையாக இருந்தது. கடலில் ஓடிக்கொண்டிருந்த மீன் அப்படி இருக்காது, பெட்டிக்குள் பனிக்கட்டிக்கு அடியில் கிடந்ததுதான் அப்படி இருக்கும். செவுளைத் தூக்கினேன். உள்ளே வெள்ளையாக ஒரு தெர்மோகோல் மணி ஒட்டியிருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் நேருக்கு நேர் ஒரு ஓட்டை, ஊசி வைத்துக் குத்தின மாதிரி.

பழைய பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். தாடை மிஞ்சியிருந்த சாளையில் எல்லாம் ஓட்டை. நெய்மீனின் பல் பட்டுக் கிழிந்தது என்று நினைத்து எழுதாமல் விட்ட ஓட்டைகள். தூண்டில்காரர்கள் அதுவரைக்கும் கணவாயைத் துண்டு போட்டுத்தான் தூண்டிலில் குத்துவார்கள். வயிற்றில் வெட்டுத்துண்டு இருந்தால் அது தூண்டிலில் இருந்து வந்தது, கணக்கில் சேர்க்காதே, முழு மீன் என்றால் சேர்த்துக்கொள் என்று நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். அந்த வருசம் நம் கடலில் சின்ன மீனும் இல்லை, கணவாயும் இல்லை. அதனால் தூண்டில்காரர்கள் வடக்கிலிருந்து ஐஸ் வேனில் சாளையை வரவழைத்து முழுசாகக் குத்தி விட்டிருக்கிறார்கள். வரிசையாகத் தூண்டில் கட்டின கயிற்றில் நெய்மீன் இரண்டு மூன்றைக் களவாடித் தின்றுவிட்டு அடுத்ததில் மாட்டியிருக்கிறது. கடலில் சாளை அற்றுப்போனதால்தான் நெய்மீன் வயிற்றில் சாளை வந்தது. நான் அதைச் சாளை இருப்பதற்குச் சாட்சியாக எழுதிவைத்தேன். ஒவ்வொரு வரியிலும் ‘தூண்டில்’ என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுதினேனே தவிர அதை வாசிக்கவில்லை.

மேடத்திடம் அன்றைக்கே சொன்னேன். மறைக்கவில்லை. அவர் சாளையின் தாடையை வெகுநேரம் பார்த்தார். பிறகு பதிவேட்டை எடுத்து, சிவப்பு மையில், அடிக்கோல் வைத்து, ஒவ்வொரு வரியாக அடித்தார். அழித்து எழுதக்கூடாது, கீழே இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடுதான் போடவேண்டும். அவர் ஒரு சுருக்கொப்பம், நான் ஒரு சுருக்கொப்பம். மேலிடத்துக்குத் திருத்தக் கடிதமும் அன்றைக்கே போனது. “நானும் கவனிச்சிருக்கணும்” என்றார், அவ்வளவுதான். பேனாவை மூடிவிட்டு வழக்கம்போலக் கேட்டார்.

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்லை மேடம்” என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களை எண்ணினால் எண்ணிக்கை பெரிதாக வராது. இந்த ஒன்று போதும். சொன்னேன் என்று சொல்லியிருந்தால் அந்தம்மா செருப்பை மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு அப்போதே கடப்புறம் போயிருப்பார். அப்படிப்பட்ட ஆள் அவர்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் இருந்தது. விசாவும் இருந்தது. தினமும் கடப்புறம் போனேன், சூசையண்ணன் வள்ளத்தைத் தாண்டித்தான் போனேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று பஸ்ஸில் நினைப்பேன், இறங்கும்போது நாக்கு எழும்பாது. என்ன சொல்வது. தூண்டிலில் குத்தின மீனைக் கடலில் கிடந்த மீன் என்று நினைத்துவிட்டேன் என்றா. கடப்புறத்தில் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். என்னை உட்காரவைத்த மனிதர் முன்னால் அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்கு மனசில்லை. பயம் என்றுகூடச் சொல்லமாட்டேன். வெட்கம். வெறும் வெட்கம்.

பதினோராம் நாள் ஆன்றோவே எதிரில் வந்தான், கையில் பெட்ரோல் கன்னாசு. “சாரே, நீங்க சொன்ன சாளைய பிடிக்க ஆழத்துக்குப் போறோம். கிட்டினா மொதக் கூடை ஒங்களுக்கு. வயித்த மட்டும் கீறாண்டாம், கறி வச்சுத் தின்னும்” என்றான். நானும் சிரித்தேன். “பாத்துப் போ மக்கா” என்றேன். சொல்வதற்கு வாகாக அவனே வந்து நின்றான். அவ்வளவு கிட்டத்தில் நின்றான்.

அந்த வள்ளம் அவ்வளவு தூரம் போகிற வள்ளம் இல்லை. காற்று மாறி அலை புரட்டிவிட்டது. கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு சூசையண்ணனும் இன்னும் இரண்டு பேரும் கிடந்தார்கள், வேறு படகுக்காரர்கள் தூக்கினார்கள். ஆன்றோ கை நழுவிப் போய்விட்டான். ஒரு வாரம் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. கோயில் மணி அடித்து, சவப்பெட்டி இல்லாமலே பூசை நடந்தது. அந்தப் பூசையில் பின் வரிசையில் நின்றேன். கடலில் விழுந்ததை எது எது தின்னும், எந்த வரிசையில் தின்னும் என்று எனக்குப் பாடமாகத் தெரியும். என் தொழிலே அதுதான். அந்த அறிவை அன்றைக்கு என் தலையிலிருந்து பிடுங்கி எறிய முடியவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது சூசையண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீரு சொன்னது உள்ளதுதான் சாரே. அங்க வெள்ளத்துல ஒரு மினுக்கம் கண்டோம். வலைய எடுக்கதுக்குள்ள காத்து வந்துட்டு” என்றார். அவர் மகன் ஒன்றுமில்லாததைத் தேடிப் போகவில்லை என்பதுதான் அவருக்கு மிஞ்சியிருந்த ஆறுதல். அதைப் போய் எப்படிப் பிடுங்குவது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நல்ல நியாயம், எனக்கு வசதியான நியாயம். வருசா வருசம் திருநாளுக்கு அவர் வீட்டிலிருந்து மீன் வந்தது. வாங்கித் தின்றேன்.

மேடம் மாற்றலாகிப் போய் ஓய்வும் பெற்றுவிட்டார். நானும் ஓய்வு பெற்றேன். இப்போது வயிற்றைக் கீறுவதில்லையாம். மீனின் தசையில் சுண்டுவிரல் நகம் அளவு வெட்டி அனுப்பினால் மாதக்கணக்கில் அது எதைத் தின்று வளர்ந்தது என்று மெஷின் சொல்லிவிடுமாம், தூண்டிலில் கிடைத்த ஒருவேளைத் தீனியால் அது ஏமாறாதாம். வினிதா உற்சாகமாகச் சொன்னாள். நல்ல மெஷின். வெட்டி அனுப்ப மீன் மிச்சம் இருக்குமா என்றுதான் எனக்குத் தெரியவில்லை. போன மாதம் துறைமுகம் பக்கம் போனேன். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு மீனை மண்வெட்டியால் அள்ளி லாரியில் போடுகிறார்கள், கோழித்தீவன மில்லுக்கு. அந்தச் சுவர்த்தாளை இப்போது வரைந்தால் சாளையிலிருந்து போகிற அம்புக்குறி கோழிக்கடையில் போய் நிற்கும். யாரிடம் சொல்வது. சொல்லவேண்டிய நேரத்தில் வாய் மூடியிருந்த ஆள் நான், இப்போது கடலைப் பற்றிப் புலம்ப எனக்கு என்ன யோக்கியதை.

போனில் வினிதா காரணம் கேட்டபோது, தூண்டில் சாளையைப் பற்றி மேடத்தைத் தவிர வேறு ஒரு ஆளிடம் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். ஆபீஸ் பெண் ஒருத்தியிடம் அரை நிமிடத்தில் சொல்ல முடிந்தது. இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்தேன். மூன்றாம் நாள் காலையில் பஸ் ஏறினேன்.

சூசையண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். முட்டு வலி, இப்போது கடலுக்கு இறங்குவதில்லை. அவர் மனைவி பிளோமியக்கா, “வாங்க சாரே, இரிங்க, சாயா வைக்கேன்” என்று உள்ளே போனார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று தெரியும்.

“அண்ணே, வினிதான்னு ஆபீஸ்ல ஒரு பிள்ள, பழைய நோட்டப் பாத்துட்டு போன் செஞ்சு கேட்டா. அதுக்குப் பொறவு எனக்கு இருப்பு கொள்ளல்ல. அன்னைக்கு நான் சாளை உண்டுன்னு சொன்னது தப்பு. நெய்மீன் வயித்துல கெடந்தது தூண்டில்ல குத்தின சாளை. வேன்ல வந்தது. கடல்ல உள்ளது இல்ல.”

அவர் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்.

“வேன்ல சாளை வந்தது எங்களுக்கும் தெரியுமே சாரே. அந்தப் பொட்டிய எறக்கினதே ஆன்றோவும் கூட்டுக்காரனும்தான். அதக் கழிச்சிட்டு மிச்சம் உள்ளதத்தான் நீரு சொல்லுதீருன்னு நெனச்சேன். படிச்ச ஆளுல்லா.”

ஒரு கேள்வி, வேன் வருதா அண்ணே என்று ஒரே ஒரு கேள்வி நான் கேட்டிருந்தால் போதும். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பியிருந்தார்கள்.

“போட்டும்” என்றார் சூசையண்ணன். குரலில் கோபமே இல்லை. “தப்பு ஆருக்கும் வரும். கடல்ல எனக்கு வராத தப்பா. இத இத்தற நாள் கழிஞ்சு வந்து சொன்னீரே, அது போதும். இந்தப் பிள்ள போன் செஞ்ச பொறவுதான் ஒமக்கும் தெரிஞ்சு, இல்லியா?”

ஆமாம் என்றால் முடிந்துவிடும். அவரே வழி விட்டு ஒதுங்கி நின்றார். உள்ளே தம்ளர் கழுவும் சத்தம் கேட்டது.

“இல்ல அண்ணே” என்றேன். “ஆன்றோ போறதுக்குப் பதினொரு நாள் முந்தியே தெரியும்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன். என்ன சொல்வது என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்து, கதவுப் பக்கம் திரும்பினார்.

“பிளோமி, சாயா வைக்காண்டாம். சார் போறாரு” என்றார்.

உள்ளே அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. நான் வாசலை விட்டு இறங்கினேன்.